அயலூரில் அங்காடி
(பம்பாய்த் தமிழர் கடை தேடிய வரலாறு)

வேற்றூருக்குக் குடிபெயர்ந்து வருவோர் முதல் நாள் தேடுவது எதனை? கோயிலைத் தேடுவதும் சங்கத்தைத் தேடுவதும் பின்னர் நிகழ்வன. முதல் நாள் மாலை அவர்கள் தேடுவது அரிசியும் புளியும் விற்கும் கடையையே. மொழி தெரியாத தெருவில், பொருளின் பெயர் சொல்லத் தெரியாமல், கையால் சுட்டிக் காட்டிப் பொருள் வாங்கிய தலைமுறை ஒன்று நமக்கு முன்னர் இந்நகரில் வாழ்ந்தது. மன்னர் போர் புரிந்த வரலாறு நூல்களில் உண்டு. நம் பாட்டியர் புளி வாங்கிய வரலாறோ அவர்தம் நினைவில் மட்டுமே உண்டு. அந்நினைவுடையோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆதலின், சங்கத்தின் ஆண்டு விழா மலரில் அதனைச் சிறிதேனும் எழுதி வைக்க முற்பட்டோம்.

1995ஆம் ஆண்டில் மும்பை எனப் பெயர் மாற்றம் பெற்ற பம்பாய்க்கும் தமிழகத்துக்கும் உள்ள உறவை வளர்த்தவற்றுள் தலையாயது இருப்புப்பாதை. 1853 ஏப்ரல் 16ஆம் நாள் போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் வண்டி ஓடிற்று. 1871இல் பம்பாயிலிருந்து வந்த பாதையும் சென்னையிலிருந்து வந்த பாதையும் ராய்ச்சூரில் ஒன்று கூடின. 1877இல் அஞ்சல் துறை வி.பி.பி. முறையையும், 1880இல் மணியார்டர் முறையையும் நடைமுறைக்குக் கொணர்ந்தது. இவற்றின் பயனாய், ஊருக்குப் பணம் அனுப்புதலும், ஊரிலிருந்து பஞ்சாங்கமும் நூலும் மருந்தும் தருவித்தலும் எளியனவாயின. விடுமுறைக்கு ஊர் சென்று திரும்புவோரின் தகரப் பெட்டியே அந்நாளில் நமது முதற்கடை எனலாம். அப்பளம், வடகம், மணத்தக்காளி வற்றல், நல்லெண்ணெய் ஆகியவை அப்பெட்டியில் வந்திறங்கும். ஊருக்குப் புறப்படுவோரிடம் அண்டை வீட்டார் பட்டியலும் பணமும் கொடுத்தனுப்புதல் வழக்கம். இருப்புப்பாதைப் பணியிலுள்ள நம்மனோர்க்கு இதில் சிறிது பெருமை உண்டு.

இனி மாட்டுங்காவைக் காண்போம். 1896இல் பம்பாயில் பரவிய பிளேக் நோய், நெருக்கமும் தூய்மைக் குறைவும் மிக்க பழைய நகரின் நிலையை வெளிப்படுத்திற்று. அதன் விளைவாக 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்டு நிறுவப்பெற்றது. தாதர், மாட்டுங்கா பகுதிகளில் அகன்ற தெருக்களும் மனைகளும் வகுக்கப்பட்டன. 1915இல் மாட்டுங்காவில் இரயில் பெட்டித் தொழிற்சாலை அமைந்தது. தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்ற இளைஞர்கள் தஞ்சையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வேலை தேடி இந்நகரை அடைந்தனர். தனியே வந்தவர்க்கு வேண்டியது உணவு விடுதி. மனைவி மக்கள் வந்த பின்னரோ பள்ளி, மளிகை, பூ, வாழையிலை அனைத்தும் வேண்டியனவாயின. 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் அங்குத் தோன்றியது. 1942இல் ஏ. இராம நாயக் என்பவர் இரயில் நிலையத்தின் அருகே உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கைத் தொடங்கினார். காப்பிக்கொட்டையை வறுத்து அரைத்துத் தரும் கடைகளும் அத்தெருக்களில் எழுந்தன.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. இராம நாயக் கன்னட நாட்டிலிருந்து வந்தவர். உடுப்பி உணவு விடுதிகளை நடத்தியோர் பெரும்பாலும் கன்னடமும் துளுவும் பேசுவோர். ஆயினும் தமிழர் அவற்றை ‘நம் ஓட்டல்’ என்றே அழைத்தனர். இந்நகரத்தார் தென்னாட்டிலிருந்து வந்தோர் அனைவரையும் ‘மதராஸி’ என்ற ஒரே பெயரால் குறித்தனர். அப்பெயரில் ஏளனம் கலந்திருந்ததும் உண்டு. எனினும் சொந்த ஊரில் தனித்தனியே நின்றோரை ஒரே பந்தியில் அமர்த்தியதும் அப்பெயரே. காப்பிக்கும் இத்தகைய வரலாறு உண்டு. காப்பியின் விலை வீழ்ந்த காலத்தில் 1935இல் அமைந்த காப்பித் தீர்வைக் குழு, மக்களிடையே காப்பியைப் பரப்ப விரும்பி, 1936இல் தனது முதல் இந்தியா காப்பி ஹவுஸை இந்நகரின் சர்ச்கேட்டில் திறந்தது. பின்னர் அவ்விடுதிகள் மூடப்பட்டபோது, ஊழியர்கள் வாளாவிருக்கவில்லை. 1957 முதல் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துத் தாமே அவற்றை நடத்தத் தலைப்பட்டனர்.

நம்மவர் கடைகளைப் பற்றியே பேசிவிட்டால் வரலாறு பாதியாகும். மாட்டுங்காவுக்குத் தொலைவில் வாழ்ந்த குடும்பங்களுக்கு வாழ்வளித்தவர் தெருமுனையிலிருந்த மராத்திய, குஜராத்தி மளிகைக்காரரே. புளியைச் ‘சிஞ்ச்’ என்றும், கொத்தமல்லியைக் ‘கோத்திம்பீர்’ என்றும், முருங்கைக்காயை ‘ஷேவ்கா’ என்றும், பெருங்காயத்தை ‘ஹிங்’ என்றும் கேட்க வேண்டும் என்பதை நம் மகளிர் அவர்களிடமே கற்றனர். புழுங்கலரிசி இங்கே கிட்டாது என்று வருந்தியோர், கொங்கணக் கரையினர் அதனை ‘உகடா தாந்தூள்’ என்று வழிவழியாய் உண்டு வருதலை அறிந்து வியந்தனர். நாம் தேடிய பொருள் பல வேளைகளில் இம்மண்ணிலேயே வேறு பெயருடன் இருந்தது. சம்பள நாள் வரை கணக்குப் புத்தகத்தில் எழுதிக் கடன் கொடுத்த அவ்வணிகர்கள், நமது மொழியையோ ஊரையோ கேட்டுக் கடன் கொடுத்தவர்களல்லர். தந்த சொல்லை நம்பிக் கொடுத்தவர்கள்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. 1943 மே மாதம் பம்பாயில் பங்கீடு தொடங்கிற்று. இரயில்வே நிருவாகங்கள் தம் ஊழியர்க்கெனத் தானியக் கடைகளை நடத்தின. கடை தேடும் வேலை ஒழிந்தது. வரிசையில் நிற்கும் வேலை வந்தது. அரிசி உண்டு பழகிய வீடுகளில் கோதுமையும் அடுப்பேறிற்று. வடநாட்டு அண்டை வீட்டாரிடம் கோதுமையைக் கொடுத்து அரிசியை மாற்றிக்கொண்டதை முதியோர் இன்றும் கூறுவர். சப்பாத்தி இடும் கலையையும் அவ்வீட்டாரே கற்பித்தனர். நாடு விடுதலை பெற்ற பின்னும் தட்டுப்பாடு தீரவில்லை. 1957இல் உணவு மண்டலங்கள் வகுக்கப்பட்டன. 1964இல் மாநிலந்தோறும் தனி மண்டலம் என்ற நிலை வந்தது. ஊரிலிருந்து அன்புடன் கட்டிக் கொடுத்த அரிசி மூட்டையும் எல்லை கடக்கையில் சோதனைக்குரிய பொருளாயிற்று.

நிற்க. நம் மலர்களில் அதிகம் எழுதப்படாத ஓர் ஊரைப் பற்றியும் ஈண்டுக் கூறுதல் கடமை. மாட்டுங்காவுக்கு அணித்தே, இருப்புப்பாதைக்கு மேற்கே, தாராவி உள்ளது. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து இசுலாமியரும் ஆதிதிராவிடரும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அங்குக் குடியேறினர். எழுத்தர் கூட்டம் இந்நகருக்குப் பெருகி வருமுன்னரே வேரூன்றிய தமிழர் அவர்கள். அவர்களது கடையும் மசூதியும் கோயிலும் அவர்களது உழைப்பால் எழுந்தவை. முறுக்குச் சுடுதலும் இட்டிலி அவித்தலும் அங்குக் குடிசைத் தொழில்களாய் வளர்ந்தன. விடியுமுன் எழுந்து, இட்டிலிப் பாத்திரத்தை மிதிவண்டியில் கட்டி, ஊதுகுழல் ஒலித்து, நகரெங்கும் விற்போர் தாராவித் தமிழரே. நம் பிள்ளைகள் பலர் காலையில் உண்ட இட்டிலி அவர்கள் கையால் அவிந்தது. எனினும் ஒரே மொழி பேசிய இவ்விரு குடியிருப்புகளுக்கிடையே சாதியும் வருவாயும் இருப்புப்பாதையினும் பெரிய பிரிவாய் நின்றன. பம்பாய்த் தமிழர் வரலாறு என்று எழுதுவோர் மாட்டுங்காவோடு நிறுத்துவாராயின், அஃது உண்மையான வரலாறாகாது.

1960 மே முதல் நாள் மகாராட்டிர மாநிலம் உருவாயிற்று. 1966 ஜூன் 19இல் சிவசேனை தோன்றியது. எழுத்தர் பணிகளில் தென்னாட்டார் மிகுந்துள்ளனர், மண்ணின் மைந்தர்க்கு இடமில்லை என்ற குறையை அது முழங்கிற்று. உடுப்பி விடுதிகள் சில தாக்குதலுக்கும் உள்ளாயின. நமக்குப் புகலிடமாய் விளங்கிய பெயர்ப்பலகையே அந்நாளில் அச்சத்துக்கும் காரணமாயிற்று. வேலையின்றி வருந்திய உள்ளூர் இளைஞரின் ஏக்கத்தில் உண்மை இருந்தது. அவ்வேக்கத்தை அயலார் மீது சினமாய்த் திருப்பியதில் நீதி இல்லை. இவ்விரண்டையும் ஒருங்கே சொல்வதே நேர்மையாகும். அவ்வாண்டுகள் கற்பித்த பாடம் யாது? தன் மொழிக் கடையை மட்டும் அறிந்து வாழ்வோர் எந்நாளும் விருந்தினரே. ஊர்மொழியைக் கற்று, ஊராரோடு கொள்வினையும் கொடுப்பினையும் உடையோரே அவ்வூரினர் ஆவர்.

பின்னர் நகரம் விரிந்தது. செம்பூரிலும் டோம்பிவிலியிலும், 1970இல் அமைந்த சிட்கோ நிறுவனத்தால் உருவான நவி மும்பையிலும் நம்மவர் குடியேறினர். இன்று கைப்பேசியைத் தொட்டால் கருவேப்பிலையும் வாசல் வந்து சேர்கிறது. கடை தேடும் துன்பம் ஏறக்குறைய ஒழிந்தது என்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் புதிதாய் வந்த குடும்பத்தில் நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால் எந்த மருத்துவரை எழுப்புவது? ஒரு வீட்டில் இறப்பு நேர்ந்தால் யாரை அழைப்பது, எங்கே பதிவு செய்வது, தம் குல வழக்கப்படி கடன் முடிப்போர் யார்? இவற்றைத் தெரிந்து கூறும் மனிதர் வேண்டும்; அந்த நேரத்தில் உடன் வந்து நிற்கும் மனிதர் வேண்டும். முற்காலத்தில் காப்பிக் கடை வாயிலில் நின்று இவ்வுதவியைச் செய்தோர்தாம் பின்னாளில் சங்கங்களுக்குத் தோள் கொடுத்தனர்.

அன்பர்களே, இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தோர் நம் குடியிருப்பில் வாழ்கின்றனர். நம் தமிழகத்திலும், திருப்பூர் போன்ற ஊர்களில் வடநாட்டுத் தொழிலாளர் கடுகெண்ணெயும் ஆட்டா மாவும் தேடிக் கடை கடையாய் ஏறி இறங்குகின்றனர். அவர்கள் கையால் சுட்டிக் காட்டிப் பொருள் வாங்குவதைக் கண்டு நகைப்போர், தம் பாட்டியின் வரலாற்றை அறியாதவர்.

ஆதலின் இரண்டு பணிகளைச் சங்கத்தின் முன் வைக்கின்றோம். முதியோர் உள்ளபோதே, எந்தத் தெருவில் எந்தக் கடை இருந்தது, யார் கடன் கொடுத்தார், யார் மொழி கற்பித்தார் என்பதைக் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தல் வேண்டும். அக்குறிப்பேட்டில் தாராவிக்கும் இடம் வேண்டும். புதிதாய்க் குடிவரும் குடும்பம் எம்மொழியினதாயினும், முதல் வாரத்துக்குள் நம்மில் ஒருவர் அவ்வீட்டுக் கதவைத் தட்டி, மளிகை இங்கே, மருத்துவர் அங்கே, அரைவை இயந்திரம் அடுத்த தெருவில் என்று சொல்லி வருதல் வேண்டும். நம் பாட்டியர்க்கு இந்நகரத்தார் அன்று செய்தது இதுவே.