கடல் கொண்டுபோன பிறகு: கடலூர், சிதம்பரம் கரையில் துக்கத்துக்குத் துணை நின்ற கதை (நீண்ட பதிவு)

1/ வெளிநாடுகளில் ஒரு வழக்கம் இருக்கு. வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்த குடும்பம், அண்ணன் தம்பி, அப்பா மகள் என்று சேர்ந்து படகில் ஏறி நாள்கணக்கில் துடுப்பு போடுவார்கள். அதில் திரளும் நிதியைத் துக்கத்தில் இருப்பவர்களுக்குத் துணை நிற்கும் அமைப்புகளுக்குக் கொடுப்பார்கள். இங்கிலாந்தில் 'க்ரூஸ்' என்ற அமைப்பு 1959-லேயே கணவனை இழந்த பெண்களுக்காக ஆரம்பிச்சது.

2/ இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம்ம கரைதான் ஞாபகம் வரும். இங்கே குடும்பம் குடும்பமாகக் கடலிடம் தோற்று, யாரும் நிதி திரட்டாமலேயே பல வருஷம் தாக்குப்பிடித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு யார் துணை நின்றது? எது உதவியது, எது உதவவில்லை? கொஞ்சம் பொறுமையா படிங்க.

3/ 2004 டிசம்பர் 26, ஞாயிறு. மார்கழிப் பௌர்ணமி. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசன விழா நேரம். காலை 6.28-க்கு சுமத்ரா அருகே கடலடியில் 9.1 அளவு நிலநடுக்கம். இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் அலை நம்ம கரைக்கு வந்துவிட்டது. தேவனாம்பட்டினம், சோதிக்குப்பம், சாமியார்பேட்டை, கிள்ளை பக்கத்து எம்.ஜி.ஆர். திட்டு... பட்டியல் நீளம். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் இறந்தார்கள்.

4/ இதில் பலர் கவனிக்காத ஒரு கணக்கு. 2005-ல் ஆக்ஸ்பாம் வெளியிட்ட அறிக்கைப்படி கடலூர் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 391, ஆண்கள் 146. தேவனாம்பட்டினத்தில் பெண்கள் 42, ஆண்கள் 21.

5/ ஏன்? ஆழ்கடலில் சுனாமி அலையின் உயரம் ஒரு மீட்டர்கூட இருக்காது. படகில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. கரையை நெருங்கும்போதுதான் அது சுவர் மாதிரி எழும்பும். மீன் பிடிக்கப் போனவர் கடலில் பிழைத்தார். மீனை வாங்கி விற்கக் கரையில் காத்திருந்த மனைவி போனார். இடுப்பில் குழந்தை, காலைச் சுற்றும் புடவை, நீச்சலும் தெரியாது. எப்படி ஓடுவது?

6/ அதாவது, ஒரே காலையில் நூற்றுக்கணக்கான ஆண்கள் மனைவியை இழந்தார்கள். உலை வைக்கத் தெரியாது, பிள்ளைக்குத் தலை வாரத் தெரியாது. அழுவதற்கும் கூச்சம். பல வீடுகளில் துக்கம் சாராயமாக மாறியது. டாக்டராகச் சொல்கிறேன், ஆண்களின் துக்கத்தை நாம் பெரும்பாலும் கல்லீரல் கெட்ட பிறகுதான் பார்க்கிறோம்.

7/ நம்ம ஊரில் சாவுக்கு ஒரு ஒழுங்கு உண்டு. உடலைக் குளிப்பாட்டணும், பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கணும், பதினாறாம் நாள் கருமாதி. அதுவரை அந்த வீட்டில் அடுப்பெரிய வேண்டாம், சொந்தபந்தம் சோறு கொண்டுவரும். இதைவிட நல்ல துக்க சிகிச்சையை எந்தப் பாடப்புத்தகமும் எழுதவில்லை.

8/ சுனாமி அந்த ஒழுங்கையே உடைத்துவிட்டது. பொக்லைன் வைத்துக் குழி தோண்டி மொத்தமாகப் புதைத்தார்கள். சிலருக்கு உடலே கிடைக்கவில்லை. சோறு கொண்டுவர வேண்டிய பக்கத்து வீட்டிலும் சாவு. பரங்கிப்பேட்டை ஜமாஅத்தார் மண்டபங்களைத் திறந்துவிட்டு மீனவக் குடும்பங்களுக்குச் சோறு போட்டார்கள். என்னைப் பொறுத்தவரை அன்றைக்கு நடந்த முதல் மனநல உதவி அதுதான்.

9/ அரசு என்ன செய்தது? பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரியில் இல்லங்கள் திறந்தது. அப்போது கடலூர் கலெக்டர் ககன்தீப் சிங் பேடி. பிள்ளைகளை இழந்த, ஏற்கெனவே குடும்பக் கட்டுப்பாடு செய்திருந்த தாய்மார்களுக்குக் கருக்குழாயை மறுபடி இணைக்கும் ஆபரேஷன் இலவசம் என்றும் அறிவித்தது.

10/ நல்ல நோக்கம்தான், சிலருக்குக் குழந்தையும் பிறந்தது. ஆனால் புதுக் குழந்தை வந்தால் பழைய துக்கம் போய்விடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். போன பிள்ளையின் இடம் அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான். புதுசா வந்த பிள்ளை மேல் அந்தப் பாரத்தை ஏற்றுவதும் நியாயமில்லை.

11/ இன்னொரு பக்கம் 'கவுன்சலிங்' என்று கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஒருநாள் வந்து, "என்ன நடந்தது, முழுசா சொல்லுங்க" என்று காயத்தைக் கிளறிவிட்டு பஸ் ஏறிப் போனவர்களும் உண்டு. இப்படி ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பது பலன் தராது, சிலருக்குக் கெடுதல்கூடச் செய்யலாம் என்று 2002-லேயே காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்லிவிட்டது.

12/ அப்போ எது உதவியது? பெங்களூரு நிம்ஹான்ஸ் குழு போபால், லாத்தூர், ஒடிசா, குஜராத் பேரிடர்களில் கற்ற பாடத்தோடு வந்தது. மனநல மருத்துவர்கள் போதாது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர், ஊர் இளைஞர் போன்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாகப் போகச் சொன்னார்கள்.

13/ இது வேலை செய்கிறதா என்று சென்னையில் சோதித்தும் பார்த்தார்கள். டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் தொடங்கிய 'ஸ்னேகா' அமைப்பின் தன்னார்வலர்கள், சுனாமியில் உறவை இழந்தவர்களைத் தொடர்ந்து வீட்டுக்கே போய்ப் பார்த்தார்கள். ஒரு வருஷம் கழித்து, அப்படி யாரும் போகாத இன்னொரு மீனவக் குடியிருப்போடு ஒப்பிட்டால், இவர்களிடம் மனச்சோர்வு குறைவு. 2008-ல் ஆய்விதழில் வெளியானது. மருந்து இல்லை, பட்டம் இல்லை. வந்தார்கள், கேட்டார்கள், மறுபடியும் வந்தார்கள். அவ்வளவுதான்.

14/ 2007-ல் பேரிடர் மனநல உதவிக்கான உலகளாவிய வழிகாட்டுதல் வந்தது. அதன் பின்னால் இருந்த அனுபவங்களில் சுனாமி முக்கியமானது. ஒரே அமர்வில் கொட்டவைப்பது வேண்டாம், சடங்குகளுக்கு இடம் கொடுங்கள், ஊர் மக்களை வைத்தே உதவுங்கள் என்கிறது அது. நம்ம அப்பத்தாக்களுக்குத் தெரிந்த விஷயம்தானே!

15/ இப்போதும் டிசம்பர் கடைசி வாரத்தில் "நெஞ்சு அடைக்குது டாக்டர்" என்று வருபவர்கள் உண்டு. ஈசிஜி நார்மலாக இருக்கும். "அந்தச் சமயம் எங்க இருந்தீங்க?" என்று கேட்டால்தான் கதை வெளியே வரும். 26-ம் தேதி காலை கரையில் பால் ஊற்றி, மெழுகுவத்தி ஏற்றுகிறார்களே, அதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்காதீங்க. கிடைக்காத உடலுக்கான கருமாதியும் அதில் இருக்கு.

16/ நாம் செய்யக்கூடியது:
• பதினாறாம் நாளோடு நிறுத்தாதீங்க. மூன்றாம் மாதம், முதல் வருஷம் போய்ப் பாருங்க.
• இறந்தவர் பெயரைச் சொல்லிப் பேசுங்க.
• "நடந்தது நடந்துபோச்சு, மறந்துடு" வேண்டாம்.
• குழந்தையிடம் "அம்மா ஊருக்குப் போயிருக்காங்க" என்று பொய் சொல்லாதீங்க.
• ஆம்பளைக்கும் அழ இடம் கொடுங்க.

17/ ஆறு மாதம் தாண்டியும் அன்றாட வேலையே ஓடாத அளவுக்குத் துக்கம் அழுத்தினால் அதற்குச் சிகிச்சை உண்டு. சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒருநாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் எண் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம்.

18/ கடலில் துடுப்பு போட்டு நிதி திரட்டுபவர்களுக்கு என் வணக்கம். நம்மால் முடிந்த சவால் இன்னும் எளிது. உங்கள் தெருவில் போன வருஷம் சாவு நடந்த வீடு எது? இந்த ஞாயிறு அங்கே போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க.