புகை கக்கும் புல்வெட்டி: சிறு எஞ்சினின் ஒரு பழுதும் அதன் வரலாறும்

அமெரிக்கப் புறநகர்களில் சிறு எஞ்சின் பழுதுபார்ப்போரிடம் வரும் முறையீடுகளில், ஏறி ஓட்டும் புல்வெட்டி நீலப்புகை கக்குகிறது, எண்ணெய் குடிக்கிறது என்பது மிகப் பழையது. இருக்கையும் ஸ்டியரிங்கும், வண்டியின் அடியில் கிடைமட்டமாகச் சுழலும் வெட்டுத் தகடும் கொண்ட இச்சிறு வாகனத்தை இயக்குவது, பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு சிலிண்டர் கொண்ட, காற்றால் மட்டுமே குளிர்விக்கப்படும் பெட்ரோல் எஞ்சின். எழுபது ஆண்டுகளாக முறையீடு மாறவில்லை. ஆனால் எஞ்சினின் கட்டமைப்பு மாறிய ஒவ்வொரு முறையும், எண்ணெய் எரியறைக்குள் நுழையும் வழி இடம் மாறியிருக்கிறது. எதை முதலில் சோதிப்பது, எதைக் கடைசிக்கு விடுவது என்று இன்றைய மெக்கானிக் கொள்ளும் வரிசை அந்த இடமாற்றங்களின் விளைவேயாகும்.

புல்வெட்டும் இயந்திரத்தின் தொடக்கம் இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் உள்ள ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்தது. கம்பளித் துணியின் மேல் எழும்பிநிற்கும் இழைகளைச் சீவும் ஆலை இயந்திரத்தின் அமைப்பைப் புல்லுக்குப் பொருத்தி, எட்வின் பியர்ட் படிங் 1830-ல் காப்புரிமை பெற்றார். இப்ஸ்விச் நகரின் ரேன்சம்ஸ் நிறுவனம் 1902-ல் பெட்ரோல் எஞ்சின் பூட்டிய புல்வெட்டியை விற்பனைக்குக் கொண்டுவரும்வரை மனிதரும் குதிரையும் அதை இழுத்தனர். இடையில் சிறிது காலம் நீராவியும் இழுத்தது. ஆனால் சிறு எஞ்சினைப் பெருந்தொழிலாக வளர்த்த பெருமை விஸ்கான்சின் மாநிலத்துக்கு உரியது. ஸ்டீபன் பிரிக்ஸும் ஹரோல்ட் ஸ்ட்ராட்டனும் 1908-ல் நிறுவிய பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன் மில்வாக்கியிலும், 1873-ல் தோன்றிப் பின்னர் எஞ்சின் தொழிலிலும் இறங்கிய கோலர் அதே மாநிலத்தின் கோலர் ஊரிலும் வேரூன்றின.

முதல் தலைமுறை எஞ்சின்கள் வார்ப்பிரும்பால் ஆனவை. அவற்றின் வால்வுகள் சிலிண்டரின் தலையில் இல்லாமல் பக்கவாட்டில், சிலிண்டர் தொகுதிக்குள்ளேயே இருந்தன. இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1961-ல் வெளியிட்ட கப் கேடட், ஜான் டீயர் 1963-ல் வெளியிட்ட 110 ஆகிய ஏறி ஓட்டும் வாகனங்களில் இருந்தவை கோலரின் இத்தகைய 7 குதிரைத்திறன் எஞ்சின்களே. இவற்றில் எண்ணெய் பம்ப் கிடையாது. கனெக்டிங் ராடின் அடியில் உள்ள சிறு கரண்டி போன்ற உறுப்பு, கிராங்க் கேஸ் எனப்படும் அடிப்பெட்டியில் தேங்கிய எண்ணெயை ஒவ்வொரு சுற்றிலும் வாரித் தெளிக்க, அந்தத் தெளிப்பே உறுப்புகள் அனைத்துக்கும் உயவாகிறது. சிலிண்டர் சுவரில் படியும் எண்ணெயை வழித்துக் கீழே தள்ளும் பொறுப்பு பிஸ்டன் ரிங்குகளுடையது. ஆகவே நீலப்புகை என்றால் ரிங் தேய்ந்தது, சிலிண்டர் தேய்ந்தது என்பதே அக்காலத்தின் இயல்பான முடிவாக இருந்தது. அது பெரும்பாலும் சரியாகவும் இருந்தது. மருந்தும் தெளிவானது: வார்ப்பிரும்புச் சுவரைக் கடைந்து அகலமாக்கி, ஓர் அங்குலத்தில் நூற்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியாகப் பெரிதாகக் கிடைத்த பிஸ்டன்களில் பொருந்துவதைப் போட்டால், அந்த எஞ்சின் இன்னொரு தலைமுறைக்கு உழைக்கும். தேய்மானத்தை முன்னரே எதிர்பார்த்து, அதற்கான உலோகத்தைச் சுவரிலேயே மிச்சம் வைத்த அந்த வடிவமைப்பு பெரிதும் மதிக்கத்தக்கது.

அந்த நிலையை மாற்றியது அலுமினியம். லாங் ஐலண்டில் 1947-க்கும் 1951-க்கும் இடையில் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகளுடன் எழுந்த லெவிட்டவுன் போன்ற குடியிருப்புகள், வீட்டின் முன் புல்தரை என்பதைச் சாதாரணக் குடும்பத்தின் உடைமையாகவும் கடமையாகவும் ஆக்கின. அந்தச் சிறு மனைகளுக்கு நடந்து தள்ளும் புல்வெட்டியே போதுமானதாக இருந்தது. பின்னர் மனைகள் விரிய விரிய ஏறி ஓட்டும் வகை பரவியது. இரண்டுக்கும் எடை குறைந்த, விலை குறைந்த எஞ்சின் தேவைப்பட்டது. பிரிக்ஸ் அண்டு ஸ்ட்ராட்டன் 1953-ல் அச்சில் வார்த்த அலுமினிய எஞ்சினைக் கொண்டுவந்து அத்தேவையை நிறைவேற்றியது. இவ்வகை எஞ்சின்கள் பலவற்றில் வார்ப்பிரும்பு உறைகூட இன்றி, அலுமினியச் சுவரிலேயே பிஸ்டன் ஓடியது. அலுமினியம் அலுமினியத்தோடு உராய்ந்து பற்றிக்கொள்ளாதிருக்கப் பிஸ்டனுக்குக் குரோமிய முலாம் பூசப்பட்டது.

அலுமினியம் வெப்பத்தை விரைவில் கடத்துவது உண்மை. எனினும் மென்மையான அச்சுவர், காற்று வடிகட்டியைத் தாண்டி நுழையும் மண்துகளுக்கு எளிதில் இரையாகிறது. வெட்டுண்ட புல்துகள் குளிர்விப்புத் துடுப்புகளுக்கிடையே அடைந்துகொண்டால், சிலிண்டரின் ஒருபுறம் மட்டும் சூடேறி, வட்டம் கோணலாகி, ரிங்குகளால் சுவரை ஒட்டி வழிக்க முடியாமல் போகிறது. கோடையில் 27 டிகிரி செல்சியஸுக்கு மேல் 10டபிள்யூ-30 போன்ற பல்தர எண்ணெயை ஊற்றினால் எண்ணெய்ச் செலவு கூடும் என்று பிரிக்ஸ் கையேடுகள் எச்சரித்து, எஸ்ஏஇ 30 என்னும் ஒற்றைத் தர எண்ணெயைப் பரிந்துரைத்ததற்குக் காரணம், காற்றால் குளிரும் எஞ்சினின் கடும் வெப்பமே. கடைசலுக்கு ஆகும் கூலி புது எஞ்சினின் விலையை நெருங்கவே, பழுதறியும் கலை இந்தக் காலத்தில்தான் கூர்மையடைய வேண்டியதாயிற்று. தவறான முடிவு ஒரு முழு எஞ்சினையே குப்பைக்கு அனுப்பிவிடும்.

அவ்வாறு அனுப்பப்பட்டவற்றில் ரிங் கெடாதவையும் இருந்திருக்கும் என்று கருதக் காரணம் உண்டு. அது ப்ரீதர் எனப்படும் மூச்சு வால்வு. பிஸ்டன் இறங்கும்போது அடிப்பெட்டிக் காற்றை வெளியே விட்டு, ஏறும்போது மூடிக்கொண்டு, உள்ளே எப்போதும் சற்றே குறைந்த அழுத்தத்தை நிலைநிறுத்துவது இவ்வால்வின் பணி. அது சிக்கிக்கொண்டால் அழுத்தம் பெருகி, நல்ல ரிங்குகளையும் தாண்டி எண்ணெய் மேலேறுகிறது. மூச்சுக்குழாய் கார்புரேட்டரின் பக்கம் இணைக்கப்பட்ட எஞ்சின்களில், எண்ணெய் ஆவி நேரே உள்ளிழுக்கப்பட்டு எரிகிறது. அளவுக்கு மீறி எண்ணெய் ஊற்றினாலும், கார்புரேட்டரின் ஊசிவால்வு சரியாக மூடாமல் பெட்ரோல் கசிந்து அடிப்பெட்டியில் கலந்தாலும் விளைவு ஒன்றே. அளவுகோலில் எண்ணெய் மட்டம் உயர்ந்து, பெட்ரோல் வாடையும் வீசினால், ஒரு திருகைக்கூடக் கழற்றாமலே நோய் தெரிந்துவிடும்.

அடுத்த மாற்றத்தை விரைவுபடுத்தியது சட்டம். ஹோண்டா 1983-ல் தொடங்கிய ஜிஎக்ஸ் வரிசை, வால்வுகளைத் தலையில் வைத்த சிறு எஞ்சினை ஏற்கெனவே பரப்பியிருந்தது. கலிபோர்னியாவின் புகைவரம்புகள் 1995-லும் அமெரிக்கக் கூட்டரசின் வரம்புகள் 1997-லும் நடைமுறைக்கு வந்தபின், பக்கவால்வு எஞ்சின் படிப்படியாக ஓரங்கட்டப்பட்டது. எரிபொருளைச் சிக்கனமாக எரிக்கும் புதிய அமைப்பில் வேறொரு பலவீனம் புகுந்தது. தலையிலுள்ள வால்வுகளை இயக்கும் புஷ் ராடுகள் செல்லும் குடைவு, அடிப்பெட்டியின் எண்ணெய்க் காற்றோடு தொடர்புடையது. அது எரியறைக்கு மிக அருகில், ஹெட் கேஸ்கெட் என்னும் அடைப்புத் தகட்டின் குறுகிய பட்டை ஒன்றால் மட்டுமே பிரிக்கப்பட்டிருக்கிறது. அப்பட்டை பிய்ந்தால் எரியறையின் வாயு குடைவுக்குள் பாய்ந்து அடிப்பெட்டியை ஊதிப் பெருக்க, மூச்சு வால்வு தாங்காமல் எண்ணெய் காற்று வடிகட்டிவரை வந்து நிற்கும்.

இதை அறிய உதவுவது கசிவுச் சோதனை. அமுக்கவீச்சின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் துளைவழியே அழுத்தக் காற்றைச் செலுத்தினால், சைலன்சரில் சீறல் கேட்பது வெளியேற்று வால்வின் குறையையும், கார்புரேட்டரில் கேட்பது உள்ளிழு வால்வின் குறையையும், எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்பது ரிங் அல்லது கேஸ்கெட்டின் குறையையும் காட்டும். கடைசி இரண்டையும் ஒலியால் மட்டும் பிரித்தறிய இயலாது. எனவே, அடிப்பெட்டியைப் பிளந்து பிஸ்டனை வெளியே எடுக்கும் பெரிய வேலைக்கு முன், சில போல்ட்டுகளில் நிற்கும் ஹெட்டைக் கழற்றி, புஷ் ராடு குடைவின் ஓரத்தில் கேஸ்கெட் கருகியிருக்கிறதா என்று பார்ப்பது, இவ்வகை எஞ்சின்களுக்குரிய முறையாக நிலைத்திருக்கிறது.