நினைவகத்தின் காத்திருப்பு

கணிப்பொறியை விரைவுபடுத்த விழைவோர் முதலில் அதன் கடிகாரத் துடிப்பையே நாடுவர். நினைவகத்தின் வரலாறோ வேறொரு பாடம் புகட்டுகிறது.

1966-இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த ராபர்ட் டென்னார்டு, ஒரே டிரான்சிஸ்டரும் ஒரு சிறு மின்தேக்கியும் கொண்டு ஒரு பிட் செய்தியைக் காக்கும் வழி கண்டார். நினைவகம் மலிவாயிற்று. ஆனால், அத்தேக்கியிலுள்ள துளி மின்னூட்டத்தை உணர்ந்து படிக்கச் சிறிது காலம் வேண்டும். அக்காத்திருப்பைத் துடிப்புகளால் எண்ணுகின்றனர்.

டி.டி.ஆர்-400 நினைவகத்தில் அது 3 துடிப்பு. அதாவது 15 நானோ வினாடி. வினாடியை நூறு கோடியாகப் பகுத்ததில் ஒரு பங்கே நானோ வினாடி. பின்வந்த டி.டி.ஆர்4-3200-இல் 22 துடிப்பு, அதாவது 13.75 நானோ வினாடி. செய்தி பாயும் வேகம் எட்டு மடங்காகியும், காத்திருப்பு பெரிதும் குறையவில்லை!

ஆர்வலர்கள் மின்னழுத்தத்தை 1.2 வோல்ட்டிலிருந்து 1.35-க்கு உயர்த்தி, தேர்ந்த சில்லுகளில் 22-ஐ 16 ஆக்கி, 10 நானோ வினாடியை எட்டுகின்றனர். அவர்கள் குறைப்பது, பாதுகாப்புக்கென விட்டுவைத்த இடைவெளியையே. மேலும் நெருக்கினால், கணிப்பொறி நிற்காமலே பிழைபடப் படிக்கும். அப்பிழை நம் கோப்பில் ஓசையின்றிப் படியும்.

நானும் இதனைச் செய்து பார்த்தவன். இரவு முழுதும் நினைவகச் சோதனை பிழையின்றி முடிந்த பின்னரே அதில் எழுதத் துணிந்தேன். சோதித்தறியாத வேகத்தை நம்புதல் தகாது.