ஆர்மேனியச் சுவடிகளைப் படித்த வரலாற்றறிஞர்: சிரார்ப்பி தெர் நெர்செசியன்

இடைக்கால ஆர்மேனியாவின் அரச ஆவணங்கள் பெரும்பாலும் அழிந்துபோயின. ரோமானியருக்கும் பாரசீகருக்கும் இடையில் நெரிபட்டு, பின்னர் அரபுகள், பைசாந்தியர், செல்ஜுக் துருக்கியர், மங்கோலியர் என அடுத்தடுத்து வந்தவர்களின் கைகளுக்கு மாறிய அந்நாட்டில், தலைநகரங்களை விடவும் கோட்டைகளை விடவும் நிலைத்து நின்றவை மடாலயங்களில் படியெடுக்கப்பட்ட தோல் சுவடிகளே. அச்சுவடிகளின் இறுதியில் எழுத்தர் தம் பெயர், ஆண்டு, இடம், எழுதச் சொன்னவர், அவ்வேளையில் ஆண்ட அரசர், தலைமைக் குருவான கத்தோலிக்கோஸ், அண்மையில் நடந்த போர் அல்லது பஞ்சம் ஆகியவற்றைக் குறித்து வைப்பது வழக்கம். 'ஹிஷதகரான்' எனப்படும் இந்த நினைவுக் குறிப்புகளே பல நூற்றாண்டுகளுக்கு ஆர்மேனிய வரலாற்றின் நம்பகமான சான்றுகளாக விளங்குகின்றன. இக்குறிப்புகளையும் அவற்றோடு சேர்ந்துள்ள வண்ண ஓவியங்களையும் ஒன்றாக வைத்துப் படித்து, ஆர்மேனியக் கலை வரலாற்றுக்கு உறுதியான காலவரிசையை அமைத்துக் கொடுத்தவர்களில் தலையாயவர் சிரார்ப்பி தெர் நெர்செசியன்.

அவர் 1896-இல் கான்ஸ்டான்டிநோபிளில், கல்வியும் செல்வாக்கும் உள்ள ஆர்மேனியக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய தாய்மாமன் மலாக்கியா ஓர்மானியன் அந்நகரின் ஆர்மேனியத் திருச்சபைத் தலைவராக (பேட்ரியார்க்) 1896 முதல் 1908 வரை இருந்தவர். ஆர்மேனியத் திருச்சபையின் விரிவான வரலாற்றை எழுதியவரும் அவரே. பெற்றோரை இளமையிலேயே இழந்த சிரார்ப்பி, ஒட்டோமான் பேரரசில் ஆர்மேனிய இனப்படுகொலை தொடங்கிய 1915-இல் தமக்கையோடு நாட்டை விட்டு வெளியேறி, பல்கேரியா வழியாக ஜெனீவாவை அடைந்து, அங்குச் சில ஆண்டுகள் பயின்றபின் 1919-இல் பாரிசுக்குச் சென்றார். பிறந்த நகரத்தை விட்டு வந்த அந்த இளம்பெண்ணுக்குப் பாரிசில் வாய்த்த ஆசிரியர்கள் பைசாந்திய வரலாற்றறிஞர் சார்ல் தியேல், பைசாந்தியக் கலை அறிஞர் கேப்ரியேல் மியே, கலை வரலாற்றாசிரியர் ஆன்ரி ஃபோசியோன் ஆகிய மூவர். அத்துறைகளில் அன்றைய பிரான்சில் அவர்களுக்கு இணையானோர் அரிது.

முனைவர் பட்டத்துக்காக அவர் எழுதிய இரண்டு ஆய்வேடுகளுள் ஒன்று, 1937-இல் நூலாக வெளிவந்த 'பர்லாம், யோவாசாப்' கதையின் ஓவியங்களைப் பற்றியது. இந்திய வாசகர் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டியது அது. இந்திய அரசன் ஒருவன், தன் மகன் துறவியாவான் என்று சோதிடர் சொன்னதைக் கேட்டு அவனைத் துன்பமே அறியாதபடி அரண்மனைக்குள் வளர்க்கிறான். வெளியே சென்ற இளவரசன் நோயாளியையும் முதியவரையும் கண்டு மனம் கலங்கி, பர்லாம் என்னும் துறவியின் அறிவுரையால் கிறித்தவனாகி அரசைத் துறக்கிறான். புத்தரின் வாழ்க்கைதான் இது. பாரசீகம், அரபு, ஜார்ஜியம் எனப் பல மொழிகளைக் கடந்து கிரேக்கத்துக்கு வந்து சேர்ந்த வழியில், 'போதிசத்துவர்' என்ற பெயரே தேய்ந்து 'யோவாசாப்' ஆயிற்று. அக்கதைக்குள் வரும் உவமைகளில் ஒன்று, கொடிய விலங்கு துரத்த ஓடிய மனிதன் குழிக்கு மேலே தொங்கிக்கொண்டு, கீழே பாம்பு காத்திருக்கையிலும் சொட்டும் தேனில் மயங்கிக் கிடப்பதைச் சொல்கிறது. தமிழ்ச் சமணக் காப்பியமான சூளாமணியிலும் இதே உவமை உண்டு. தமிழில் துரத்துவது யானை. கிரேக்கத்தில் அது ஒற்றைக் கொம்புள்ள விலங்கு. கிரேக்கச் சுவடிகளில் இக்கதைக்கு வரையப்பட்ட படங்களை ஒப்பிட்டு, எந்தப் படம் எந்த மூலத்தைப் பின்பற்றியது, எங்கே ஓவியர் விவிலியக் காட்சிகளிலிருந்து அமைப்பைக் கடன் வாங்கினார் என்று அவர் படிப்படியாக ஆராய்ந்தார். அதே உவமையின் ஓவியத்தைக் கொண்டதும், 1066-இல் கான்ஸ்டான்டிநோபிளில் எழுதப்பட்டு இன்று லண்டனில் இருப்பதுமான விவிலியச் சங்கீதச் சுவடியைப் பற்றி 1970-இல் அவர் தனி நூலே எழுதினார்.

இரண்டாவது ஆய்வேடு வெனிசை அடுத்த சான் லாசரோ தீவில் மெக்கிதாரிஸ்ட் என்னும் ஆர்மேனியத் துறவியர் பாதுகாத்துவரும் 12, 13, 14-ஆம் நூற்றாண்டு ஆர்மேனிய ஓவியச் சுவடிகளைப் பற்றியது. அக்காலத்து அறிஞர் உலகில் ஆர்மேனியக் கலையை இருவிதமாகப் பார்த்தார்கள். ஐரோப்பியக் கட்டடக் கலையின் ஊற்றே ஆர்மேனியாதான் என்று யோசெஃப் ஸ்ட்ரிகோவ்ஸ்கி போன்றோர் வாதிட்டனர். பைசாந்தியக் கலையின் நாட்டுப்புறச் சாயல் மட்டுமே அது என்று வேறு சிலர் ஒதுக்கினர். முதல் கருத்து ஆர்மேனியர்களின் பெருமிதத்துக்கு இனிமையானது என்றபோதிலும், தம் மக்கள் மீது மாறாத பற்றுக் கொண்டிருந்த சிரார்ப்பி அந்தப் பக்கம் சாயவில்லை. நாள் குறித்த சுவடிகளை முதலில் வரிசைப்படுத்தி, அவற்றை அளவுகோலாகக் கொண்டு நாள் இல்லாதவற்றை மதிப்பிட்டு, பைசாந்தியத்திடமிருந்து பெற்றது எது, ஆர்மேனிய ஓவியர் தாமே ஆக்கியது எது என்று பக்கம் பக்கமாகப் பிரித்துக் காட்டும் வழியையே அவர் தேர்ந்தார். அவருடைய முடிவுகள் இன்றும் பயன்படுவதற்கு இந்தப் பொறுமையே காரணம்.

1930-இல் அமெரிக்காவின் வெல்லெஸ்லி மகளிர் கல்லூரியில் பைசாந்தியக் கலை கற்பிக்கச் சென்றவர், அங்கேயே துறைத் தலைவரானார். 1946 முதல் 1963 வரை, வாஷிங்டனில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பைசாந்திய ஆய்வு மையமான டம்பார்ட்டன் ஓக்ஸில் பேராசிரியராக இருந்தார். ஆண்களே நிறைந்திருந்த அம்மையத்தின் ஆய்வுப் பணிகளுக்கு இடைக்காலப் பொறுப்பாளராகவும் பணியாற்றினார்.

அமெரிக்காவில் இருந்த காலத்து எழுத்துகளில் மிக முக்கியமானது, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வர்தானெஸ் கெர்தோக் என்னும் ஆர்மேனியக் குருவின் பெயரில் அமைந்த சிறு நூலை மொழிபெயர்த்து விளக்கிய கட்டுரை. ஆர்மேனியத் திருச்சபை உருவங்களை வெறுத்தது என்ற எண்ணம் நெடுங்காலமாக நிலவியது. இந்நூலோ, கோவில் சுவர்களில் கன்னி மரியாளும் குழந்தையும், ஆர்மேனியாவைக் கிறித்தவத்துக்குக் கொணர்ந்த புனித கிரிகோரி பட்ட சித்திரவதைகளும், கல்லெறியுண்ட ஸ்தேவானும், இயேசுவின் அற்புதங்களும் தீட்டப்பட்டிருந்ததைச் சான்றாகக் காட்டி, ஓவியங்களை அழிக்க வேண்டும் என்றோரை மறுக்கிறது. வண்ணங்கள் இழிந்த பொருள்களால் ஆனவை என்ற குற்றச்சாட்டுக்கு, வேதத்தை எழுதும் மையும் மாசிக்காய், பிசின் போன்ற எளிய பொருள்களால் ஆனதுதானே என்பது நூலின் விடை. பைசாந்தியப் பேரரசில் உருவ எதிர்ப்பு அரச கொள்கையானது எட்டாம் நூற்றாண்டில்தான். அதற்கு நூறாண்டுக்கு முன்பே ஆர்மேனியாவில் அந்த வழக்கு நடந்து முடிந்திருந்தது என்பதைச் சிரார்ப்பி எடுத்துக்காட்டியபோது, உருவ எதிர்ப்பின் வரலாற்றையே கிழக்கு நோக்கி விரித்து எழுத வேண்டியதாயிற்று.

வான் ஏரியின் தீவிலுள்ள அக்தமார் திருச்சிலுவைக் கோவிலைப் பற்றிய நூல் 1965-இல் வந்தது. வஸ்புரகான் என்னும் ஆர்மேனிய நாட்டின் அரசர் ககிக் 915-க்கும் 921-க்கும் இடையில் எழுப்பிய அக்கோவிலின் வெளிச்சுவரில், யோனாவையும் தாவீதையும் கோலியாத்தையும் காட்டும் புடைப்புச் சிற்பங்களும், அவற்றுக்கு மேலே ஓடும் திராட்சைக் கொடி வரிசையும் உள்ளன. 1915-க்குப்பின் வழிபடுவோர் இல்லாமல் கிடந்த அக்கோவிலை அரசர் ஒருவரின் தன்னுணர்வு தெரியும் படைப்பாக உலக அறிஞர்கள் அறிய இந்நூல் பெரிதும் உதவியது.

ஆயினும் அவர் மனம் மிகுதியாக ஈடுபட்டது கிலிகியாவில்தான். மத்தியதரைக் கடலோரத்தில் ஆர்மேனியர் அமைத்து, 1198 முதல் 1375 வரை முடியாட்சியாக விளங்கிய அந்நாட்டில், கத்தோலிக்கோஸின் இருக்கையான ஹ்ரொம்க்லா கோட்டையில் தோரோஸ் ரோஸ்லின் என்னும் ஓவியர் பணியாற்றினார். அவர் கையெழுத்திட்ட சுவடிகள் 1256 முதல் 1268 வரையிலானவை. 1260-ஆம் ஆண்டு நற்செய்திச் சுவடியில் குழந்தை இயேசுவைக் காண வந்த ஞானிகளின் காவலர்களை ரோஸ்லின் மங்கோலியராக வரைந்திருக்கிறார். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர்தான் கிலிகிய அரசர் முதலாம் ஹெதும் மங்கோலியத் தலைநகரான கரகோரம் வரை நேரில் சென்று மங்கோலியப் பேரரசரோடு உடன்படிக்கை செய்து திரும்பியிருந்தார் என்பதை நினைத்தால், ஓவியரின் வண்ணத்துக்குள் நாட்டின் அரசியல் வந்து அமர்ந்திருப்பது விளங்கும். சுவடி ஓவியத்தை அலங்காரமாக மட்டும் பார்க்காமல் ஆவணமாகவும் பார்க்கும் இந்தப் பார்வையே சிரார்ப்பியின் உண்மையான கொடை.

ஓய்வுக்குப்பின் பாரிசுக்குத் திரும்பியவர், தம் நூலகத்தை யெரெவானில் உள்ள சுவடிக் காப்பகமான மாதெனதரானுக்குக் கொடுத்தார். கிலிகிய ஓவியங்களைப் பற்றிய பெருநூலை முடிப்பதற்குள், 1989-இல் அவர் காலமானார். ஆய்வாளர் சில்வியா அகேமியான் எஞ்சிய பகுதிகளை நிறைவு செய்ய, அந்நூல் 1993-இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்தது.