சட்டத்துக்கு முந்தைய உரிமை: பெங்களூரு வழக்குகளின் வழியே இயற்கைச் சட்ட அறவியல்

1975 ஜூன் 26 அன்று பெங்களூரில் கைதான வாஜ்பாய், அத்வானி, மது தண்டவதே, சியாம் நந்தன் மிஸ்ரா ஆகிய எதிர்க்கட்சித் தலைவர்கள் அந்நகரின் மத்தியச் சிறையிலிருந்தபடி கர்நாடக உயர் நீதிமன்றத்தை நாடினர். அவசரநிலையில், அரசமைப்பின் 21ஆம் பிரிவை நிலைநாட்டக் கோரி வழக்காடும் உரிமை நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. எழுதப்பட்ட பிரிவு முடக்கப்பட்டால் உயிருக்கும் விடுதலைக்கும் வேறு ஆதாரமே இல்லையா? மனுக்களை விசாரிக்கலாம் என்றது உயர் நீதிமன்றம். இதே கேள்வியை எழுப்பிய ஜபல்பூர் வழக்கோடு சேர்த்து மேல்முறையீட்டைக் கேட்ட உச்ச நீதிமன்றம் 1976 ஏப்ரல் 28 அன்று உயர் நீதிமன்றத்தின் முடிவை மறுத்தது. பெரும்பான்மை நீதிபதிகள் நால்வருக்கும் 21ஆம் பிரிவே அவ்வுரிமையின் ஒரே உறைவிடம். எச்.ஆர். கன்னா மட்டும் உடன்படவில்லை. காவலர் ஒருவர் சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றாலும் நிவாரணம் இல்லையா என்று விசாரணையில் அவர் கேட்டிருந்தார். அவசரநிலை நீடிக்கும்வரை இல்லை என்றார் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே.

அரசு இயற்றும் சட்டத்துக்கு முன்பே உரிமை உண்டு என்னும் இயற்கைச் சட்ட அறவியலின் வலிமையை அந்தப் பதிலே காட்டிவிடுகிறது. அரசு இயற்றியது மட்டுமே சட்டம் என்பவரால் நிரேன் டேயின் தர்க்கத்தில் ஓட்டை காண முடியாது. கன்னா இறையியலை நாடவில்லை. சட்டத்தின் ஆட்சியையே நாடினார். ஆயினும், உயிரின் மதிப்பு அரசமைப்போடு பிறந்ததன்று என்ற அவருடைய முன்கோள் தாமஸ் அக்குவினாஸின் மரபுக்கு அயலானதல்ல.

அம்முன்கோள் பின்னர் வென்றது. பெங்களூரில் வாழ்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி ஆதாரை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக ஏற்றனர். ஜபல்பூர் தீர்ப்பும் அன்றே வீழ்ந்தது. தந்தை ஒய்.வி. சந்திரசூட் பங்கேற்ற தீர்ப்பை மகன் டி.ஒய். சந்திரசூட் தவறென்று எழுதினார்.

ஆனால் 2018 செப்டம்பர் 26 அன்று அதே ஆதார்த் திட்டம் 4–1 என்ற கணக்கில் பெரும்பாலும் பிழைத்துக்கொண்டது. உரிமை உண்டு என்று சொன்ன இயற்கைச் சட்டத்தால் அதன் எல்லை எது என்று சொல்ல முடியவில்லை. பொதுநெறியிலிருந்து நேரே பெறப்படும் முடிவு வேறு, சூழலுக்கேற்ப மனிதர் வகுக்கும் விதி வேறு என்று அக்குவினாஸே பிரித்திருக்கிறார். ஆகவே இதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு ‘இயற்கையின் ஒழுங்குக்கு எதிரான’ புணர்ச்சியைத் தண்டித்தது. புணர்ச்சியின் இயற்கை நோக்கம் கருத்தரிப்புக்கான வாய்ப்பே என்று 1925இல் சிந்து நீதிமன்றம் கானு வழக்கில் விளக்கம் தந்தது. உடலுறுப்பின் பயனிலிருந்து மனிதரின் கடமைக்கு ஒரே தாவல். இருப்பதிலிருந்து இருக்கவேண்டியதைப் பெற முடியாது என்ற மெய்யியலாளர் ஹியூமின் கண்டனம் இங்கே முழுமையாகப் பொருந்துகிறது. அத்தாவலின் விளைவு தெருவில் தெரிந்தது: பாலியல் சிறுபான்மையினரைப் போலீசார் மிரட்டிப் பணம் பறித்ததை மக்கள் சிவில் உரிமைக் கழகத்தின் (பியுசிஎல்) கர்நாடகக் கிளை 2001ஆம் ஆண்டு அறிக்கையில் பதிவுசெய்தது. சட்ட மெய்யியலாளர் ஜான் ஃபின்னிஸ் இயற்கைச் சட்ட மரபை உடலியலிலிருந்து பிரித்துப் பகுத்தறிவின் மேல் நிறுத்த முயன்றார். ஆனால் தற்பாலுறவு குறித்து அவரும் பழைய முடிவுக்கே வந்து சேர்ந்தார். எனவே அடித்தளத்தை மாற்றுவது மட்டும் போதாது.

அரசின் கையைத் தடுக்க இயற்கைச் சட்டத்தை ஏற்றுவிட்டு, தனிமனிதரின் வாழ்வை வகுக்க அதை மறுப்பது வசதிக்கேற்ற வாதம் அல்லவா என்று கேட்கலாம். அல்ல. முன்னதற்கு, மனிதர் அரசு வழங்கிய கொடை அல்லர் என்ற ஒரே முன்கோள் போதும். பின்னதற்கு உடலின் நோக்கம் பற்றிய முழுக் கோட்பாடும், அதைத் தீர்மானிக்க ஓர் அதிகாரியும் தேவை. பிறப்பை இயற்கையாக்கிச் சாதியைக் காத்த வாதமும் இந்த இரண்டாம் வகையே.

2018 செப்டம்பர் 6 அன்று, நவ்தேஜ் ஜோஹர் தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் இயற்கையின் இடத்தில் சம்மதத்தை வைத்தது; சம்மதமற்ற செயல்களுக்கு 377 நீடித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்பிரிவே இல்லை. வயதுவந்த ஆண் மீதான வல்லுறவைத் தண்டிக்கும் தனிப்பிரிவு எதுவும் அதற்கு ஈடாகச் சேர்க்கப்படவும் இல்லை.