கோலார் தங்கவயல் மின்சாரம்: புதுமையின் வரலாறும் நம்பகத்தின் வரலாறும்

1902 ஜூன் 30 அன்று, காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் வந்து சேர்ந்தது. ஏறத்தாழ 147 கிலோமீட்டர் நீண்ட அத்தடம் அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்தடங்களுள் ஒன்று. பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905 ஆகஸ்டில்தான். தங்கவயல் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் இந்த 'முதன்மை'யைச் சொல்லி நின்றுவிடுகின்றன.

சுரங்கத்திற்கோ இடையறாத மின்சாரமே தேவைப்பட்டது. தாது இடிக்கும் ஆலை, காற்றழுத்தப் பொறி, ஊற்றுநீர் இறைக்கும் பம்பு எனப் பலவும் காலப்போக்கில் மின்சாரத்தைச் சார்ந்தன. மின்சாரம் தடைப்பட்டால் ஆழத்தில் நிற்கும் தொழிலாளருக்கு அது உயிர்ப்பிரச்சினை. ஆனால் கோடையில் காவிரியின் நீர்வரத்துக் குறையும். மின்னுற்பத்தியும் உடன் குறையும்.

இக்குறையைத் தீர்ப்பது கிருஷ்ணராஜசாகர் அணையின் நோக்கங்களுள் ஒன்றாயிற்று. விசுவேசுவரையா மைசூரின் தலைமைப் பொறியாளராக இருந்த காலத்தில், 1911இல், அதன் கட்டுமானம் தொடங்கியது. கீழ்ப்பகுதிப் பாசனம் பாதிக்கப்படும் எனச் சென்னை மாகாணம் எதிர்த்தது. 1914இன் நடுவர் தீர்ப்பும் 1924இன் உடன்படிக்கையும் இவ்வழக்கின் படிகள். நம்பகமான மின்சாரத்திற்கு ஒரு விலை உண்டு என்பதையும், அவ்விலையைத் தஞ்சை உழவரிடமும் கேட்க நேரும் என்பதையும் காவிரிச் சிக்கலின் இப்பக்கம் காட்டுகிறது.

புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவற்றைக் காட்டிலும் அன்றாடம் பயன்பாட்டில் நிலைத்தவற்றைக் கொண்டு தொழில்நுட்ப வரலாற்றை எழுதவேண்டும் என்பார் டேவிட் எட்ஜர்டன். கணினி வரலாற்றிற்கும் இது பொருந்தும். 2007இல் விண்டோஸ் விஸ்டா கண்ணாடி போன்ற சாளரங்களோடு வெளிவந்தது. பல அலுவலகங்களோ 2001இன் எக்ஸ்பியை விடவில்லை. அதற்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2014 ஏப்ரல் வரை நீட்டிக்க நேர்ந்தது. வெளியீட்டு ஆண்டுகளை மட்டும் அடுக்கும் வரலாற்றில் இந்தப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு இடமில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. பம்புகள் நின்றபின், மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமான அச்சுரங்கங்களில் நீர் நிறைந்தது. ஒரு நூற்றாண்டு நாள்தோறும் நடந்த பராமரிப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு அந்நீரே அளவுகோல். 1902க்குப் பிந்தைய ஒவ்வொரு நாளையும் காத்த பம்பு இயக்குநர், மின்பணியாளர், கம்பித்தடக் காவலர் ஆகியோரின் வரலாறு தனி ஆய்வுக்குரியது.