சிவப்பு விளக்கு இறங்கின கதை

அம்புலன்ஸ் விளக்கு மின்னினா நாங்கள் ஒதுங்குறம். உள்ளுக்க ஒரு உயிர் இருக்குது எண்ட நம்பிக்கையிலதான். ஆனால் இந்தியாவில் பல வருசமாகச் சிவப்பு விளக்குக்கு வேறொரு அர்த்தமும் இருந்தது: 'பெரிய ஆள் வாறார், வழிவிடு.' அமைச்சர்களும் அதிகாரிகளும் அதைக் காருக்கு மேல பூட்டிக்கொண்டு திரிஞ்சினம்.

2013 டிசெம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் இதை அந்தஸ்து காட்டும் பழக்கம் எனக் கண்டித்து, உயர் அரசியலமைப்புப் பதவிகளுக்கு மட்டும் என்று மட்டுப்படுத்தியது. 2017 மே 1 முதல் அதுவும் இல்லை. குடியரசுத் தலைவர், பிரதமர் கார்களிலிருந்தும் சிவப்பு விளக்கு இறங்கியது. அம்புலன்ஸ், தீயணைப்பு, பொலிஸ் போன்ற அவசர சேவைகளுக்கு விளக்கு மிஞ்சியது.

இது வெறும் நிறப் பிரச்சினை இல்லை. பதவிக்கெல்லாம் ஒதுங்கிச் சலிச்ச சனம், ஒருநாள் நோயாளிக்கும் ஒதுங்காமல் விடலாம்.